‘கூ’ன்னா பூமி, ‘வௌ’ன்னா பறி: ஒரே எழுத்தில் 42 சொற்கள்!

குறுக்கெழுத்துப் புதிரில் இப்படி ஒரு குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘பூமியின் கரம் ராத்திரியில் விழித்திருக்கும்’. இரண்டே கட்டம்தான். விடை, கூகை. ஆந்தை வகைப் பறவை. ‘கை’ எல்லோருக்கும் தெரியும். ‘கூ’ என்றால் பூமி என்பது தெரியாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி ஒரே எழுத்து தனியாக நின்று அர்த்தம் தந்தால் அதற்கு ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், சிறப்பானவை என்று 42 சொற்களைக் கணக்கு காட்டுகிறது. அதில் 40 நெடில். ‘நொ’ (வருந்து), ‘து’ (உண்) இரண்டு மட்டுமே குறில். அதனால விளையாட்டில் யாராவது ‘ப’, ‘மி’ என்று குறிலை வைத்துவிட்டு சண்டைக்கு வந்தால், இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

தெரியாமலே சொல்லும் சொற்கள்

காலையில் வாங்கும் ஆவின் பாலில் இருக்கும் ‘ஆ’, பசுதான். ‘கா’ என்றால் சோலை. பூ, கா இரண்டும் சேர்ந்ததுதான் பூங்கா. ‘கோ’ அரசன், அவன் இல்லம் கோயில். டெல்டா பக்கம் போனால் ‘எத்தனை மா நிலம்?’ என்று இன்றைக்கும் கேட்பார்கள். மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதே ‘மா’ மாமரமும் ஆகும், விலங்கும் ஆகும்.

வழக்கில் இல்லாதவைதான் ஆளைக் கவிழ்க்கும். ‘ஏ’ அம்பு. ‘சோ’ மதில். ‘ஓ’ மதகில் தண்ணீரைத் தாங்கும் பலகை. ‘வௌ’ என்றால் பறித்துக்கொள். ‘நே’, ‘மே’ இரண்டுக்குமே அன்பு என்று அர்த்தம் உண்டு. எது என்பதைக் குறுக்கே வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டைச் சேர்த்தால்...

புதிர் போடுபவர்களுக்கு இந்தச் சொற்கள் அல்வா மாதிரி. ‘ராஜாவைக் கீழே இறக்கினால் கொங்கு நகரம்’ என்றால் கோ, வை... கோவை. ‘இரண்டு மாதம் சேர்ந்தால் பெரிய அறிவாளி’ என்றால் மேதை. இங்கே ‘மே’ அன்பு இல்லை, காலண்டரில் வரும் மே. கொஞ்சம் போங்காட்டம்தான், ஆனால் ரசிக்கலாம்.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு

டிஎன்பிஎஸ்சி பொதுத்தமிழ் பாடத்திட்டத்திலும் ஓரெழுத்து ஒருமொழிக்குப் பொருள் கண்டறியும் பகுதி உண்டு. அங்கே ஒரு மார்க் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே சொல்லுக்குப் பல அர்த்தம் இருப்பதுதான். ‘யா’வுக்குப் பள்ளிப் பாடநூல் தரும் பொருள் அகலம். சங்க இலக்கியம் படித்தவருக்கோ யானை பட்டையை உரித்துத் தின்னும் மரம்தான் ஞாபகம் வரும். ‘கை’க்குப் பாடநூலில் ஒழுக்கம் என்று இருக்கிறது. ‘ஈ’ பறக்கும் பூச்சி மட்டுமல்ல, கொடு என்பதும்தான். ‘வை’ கீழே வைப்பது மட்டுமல்ல, புல்லும்கூட. மனதில் முதலில் வரும் அர்த்தம் நான்கு விடைகளில் இல்லையென்றால் பதற வேண்டாம். பாடநூல் அர்த்தம் ஒன்று அங்கே இருக்கும்.