காய்ந்தும் சாகாத உயிர்



டின்னில் பல மாதம் கிடந்த பச்சைப்பயற்றை நனைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால், மறுநாளே முளை காட்டுகிறது. ரம்புத்தான் கொட்டையையோ நன்கு காயவிட்டால், பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் முளைப்பதில்லை. ரப்பர் விதையும் அப்படியே. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்ற விதைகள் ஏறத்தாழ 70,000. முளைத்தவை நூற்றுக்கு நான்கு அளவே. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகள் அவ்வாறு பிழைத்தவையே.

ஒரு விதை காய்ந்தும் பிழைக்கிறது. மற்றொன்று காய்ந்தால் மடிகிறது. ஏன்?

இக்கேள்வியின் வரலாறு 1702இல் தொடங்குகிறது. டச்சு நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் என்பவர், கூரைத் தூம்பில் படிந்து காய்ந்திருந்த வண்டலில் சிறிது நீர் விட்டு, உருப்பெருக்கியால் நோக்கினார். ஒரு மணி நேரத்துக்குள் சின்னஞ்சிறு உயிரிகள் அதில் நீந்தலாயின! செத்தவை பிழைத்தனவா, சாகாமலே இருந்தனவா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1860இல் பாரிசில் பால் புரோக்கா இதைப்பற்றி நீண்ட அறிக்கையே எழுத நேர்ந்தது. 1959இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் டேவிட் கீலின் இதற்கு 'மறைந்த உயிர்ப்பு' என்ற பொருளில் பெயர் சூட்டினார்.

பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. அதை உயிரணுவின் சவ்வில் தேட வேண்டியிருந்தது. அச்சவ்வு கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காய் அமைந்த மெல்லிய வேலி. அவற்றின் தலைகளுக்கு இடையே நீர் நின்று, அவற்றை விலக்கி வைக்கிறது. நீர் போனால் தலைகள் நெருங்குகின்றன. நெகிழ்வான சவ்வு கட்டியாய் இறுகுகிறது. மறுபடி நனையும்போது இறுக்கம் தளரும் வேளையில் வேலியில் இடைவெளி விழுந்து, உள்ளிருப்பவை வெளியே கசிந்துவிடுகின்றன. ஆகவே உயிரைப் போக்குவது வறட்சி மட்டுமன்று; திரும்பி வரும் நீரும்தான்!

1984இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜான் குரோ, லோயிஸ் குரோ தம்பதியரும் துணைவர்களும் ஒரு விடை கூறினர். டிரெகலோஸ் என்னும் சீனி உடனிருந்தால், உலர்த்திய சவ்வு நனைந்த பின்னும் பழுதின்றி இருந்தது. நீர் விட்டுச் சென்ற இடத்தில் சீனி அமர்ந்து தலைகளைத் தாங்குகிறது என்பது அவர்கள் விளக்கம். சீனிப்பாகு கண்ணாடிபோல் உறைந்து, சவ்வுகள் ஒன்றோடொன்று நெருங்காமல் தடுப்பதே முக்கியம் என்போரும் உண்டு.

தாவரங்களில் இவ்வேலையைப் பெரும்பாலும் செய்வது, நாம் தேநீரில் கலக்கும் அதே சுக்ரோஸ் சீனிதான். 1988இல் காரன் கோஸ்டரும் கார்ல் லியோபோல்டும் சோயா, பட்டாணி, சோளம் ஆகியவற்றை ஆராய்ந்தனர். முளைவிட்ட விதை உலர்வைத் தாங்கும் வலிமையை இழக்கும்போது, அதன் காப்புச் சீனிகளும் மாறிக் குறைவதைக் கண்டனர். முளைத்த பயற்றை மறுபடி காயவைத்தால் அது மடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீனி மட்டும் போதுமா? போதாது. விதை முதிரும் காலத்தில் உருவாகும் சில புரதங்களும் துணை நிற்க வேண்டும். ரப்பர், டுரியான், ரம்புத்தான் விதைகள் இந்த ஆயத்தத்தை முடிக்காமலே மரத்தைவிட்டு விழுகின்றன. நெல்லைப்போல் அவற்றை உலர்த்திச் சேமிக்க இயலாது. அவ்வினங்களைக் காப்பதற்குரிய முதல் வழி, மரங்களையே காப்பதுதான்.

காட்டில் நிற்கும் ஒரு டுரியான் மரம் வெறும் மரமன்று. அதுவே அதன் விதைப்பெட்டி என்பதை நினைவில் கொள்வோமாக.