திருக்கழுக்குன்றம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்துக்கு மேற்கே உள்ள மலைத்தலம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. மலைமேல் வேதகிரீசுவரர் கோயிலும், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர், திரிபுரசுந்தரி அம்மன் சன்னதிகள் அமைந்த தாழக்கோயிலும் உள்ளன. தேவார மூவரும் மாணிக்கவாசகரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர்.

தலபுராணம்: வேதங்களே மலையாக நின்றமையால் இது வேதகிரி. எல்லா வேதங்களையும் கற்க நீண்ட ஆயுள் வேண்டிய பரத்வாஜ முனிவருக்குச் சிவபெருமான் வேதங்களை மலைகளாகக் காட்டி, ஒரு பிடி மண்ணை அள்ளி, ‘நீ கற்றது இவ்வளவே’ என உணர்த்தினார் என்பர்.

கழுகுகள்: சாபம் பெற்ற முனிவர்களாகக் கருதப்பட்ட இரு பறவைகள் உச்சிவேளையில் பாறையில் வந்திறங்கி, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டன. இவை மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகினம். 1990களுக்குப் பின் அவை வருவதில்லை.

மலையேற்றம்: 500-க்கும் மேற்பட்ட செங்குத்தான படிகள் உள்ளன. வெயில் ஏறுமுன் செல்வது நலம். பாறை காலைச் சுடும். இறங்கும் வழியில் பல்லவர் காலக் குடைவரையான ஒருகல் மண்டபம் உள்ளது. அதில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் செதுக்கிய பெயர்களை இன்றும் காணலாம்.

சங்கு தீர்த்தம்: ஊருக்குள் உள்ள இக்குளத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றுவதாக நம்பிக்கை. குரு கன்னி ராசிக்குள் நுழையும்போது புஷ்கர மேளா நடைபெறும்.