வட தமிழகத்தில் சமுதாய வாக்கும் முதலமைச்சர் பதவியும்

ஒரு சமுதாயத்தைச் சேர்ந்த வாக்காளர்களில் பெரும்பாலோர் ஒரே கட்சிக்கு வாக்களிப்பதைச் சமுதாய வாக்கு என்பர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இன அடிப்படையில் காணப்படும் இப்போக்கு, தமிழகத்தில் சாதி அடிப்படையில் அமைகிறது. மரக்காணம் உப்பளக் கடற்கரையை உள்ளடக்கிய திண்டிவனம் பகுதியும், பழைய தென்னார்க்காடு மாவட்டமும் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள்.

1952 தேர்தல்

வன்னியர் வட மாவட்டங்களில் செறிந்து வாழ்கின்றனர். 1952 தேர்தலில் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. காங்கிரசு 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. பெரும்பான்மை இன்றி ஆட்சியமைத்த இராஜாஜி, காமன்வீல் கட்சியின் ஆதரவைப் பெற்று மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்கினார். 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். பின்னர் இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. பிறரை முதலமைச்சராக்கவும் அமைச்சரவையில் இடம் பெறவும் அந்த 25 இடங்கள் போதுமானவையாக இருந்தன; முதலமைச்சர் பதவியைப் பெறப் போதவில்லை.

பாட்டாளி மக்கள் கட்சி

திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த ச. இராமதாசு 1980இல் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். 1987 செப்டம்பரில் நடந்த இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு சூலை 16 அன்று பா.ம.க. தோன்றியது.

சட்டமன்றத்தில் அக்கட்சி 1991இல் 1 இடமும், 1996இல் 4 இடங்களும் வென்றது. 2001இல் அ.தி.மு.க. கூட்டணியில் 20, 2006இல் தி.மு.க. கூட்டணியில் 18 எனப் பலம் உயர்ந்தது. 2016இல் அன்புமணி இராமதாசை முதலமைச்சர் வேட்பாளராக அறிவித்துத் தனித்துப் போட்டியிட்டபோது, 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குகள் கிடைத்தும் ஓரிடம்கூட வெல்லவில்லை. பென்னாகரத்தில் அன்புமணியும் தோற்றார்.

மரக்காணம் காட்டும் நிலை

மரக்காணம் அடங்கிய திண்டிவனம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளர் பட்டியல் சாதியினராக இருப்பினும், வன்னியர், மீனவர், உப்பளத் தொழிலாளர், உழவர் என அனைவரும் வாக்களிக்கின்றனர். ஒரு சமுதாயத்தின் வாக்கை மட்டும் நம்பி இங்கு வெல்வது கடினம். 2016இல் தி.மு.க. இத்தொகுதியில் 101 வாக்கு வேறுபாட்டில்தான் வென்றது. இத்தகைய போட்டியில் ஒரு சிற்றூரின் வாக்கும் முடிவை மாற்றிவிடும்.

சமுதாய அணிதிரட்டலுக்கு மறுபக்கமும் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் மாநாட்டுக்குச் சென்றோருக்கும் மரக்காணம் பகுதித் தலித் மக்களுக்கும் மோதல் மூண்டது. வீடுகள் எரிந்தன; உயிரிழப்பும் நேர்ந்தது. ஒரே தொகுதியில் வாக்களிக்கும் இரு உழைக்கும் சமுதாயங்களுக்கிடையே பகை ஆழமாயிற்று.

ஒப்பீடு

1964க்குப் பின் அமெரிக்க சனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் எவரும் வெள்ளையர் வாக்கில் பெரும்பான்மை பெற்றதில்லை. எனினும் 2008இல் பராக் ஒபாமா, கறுப்பின மக்களின் ஏகோபித்த ஆதரவோடு இலத்தீன் அமெரிக்க வழியினர், ஆசிய வழியினர், வெள்ளையரில் ஒரு பகுதியினர் ஆகியோரையும் இணைத்து வென்றார். தென்னார்க்காட்டுத் தேர்தல்களும் இதையே உணர்த்துகின்றன. செறிந்த வாக்கு பேரம் பேசும் வலிமையைத் தரும். தலைமைப் பதவியை அடைய, பிற சமுதாயங்களின் நம்பிக்கையும் வேண்டும்.