சிறுநீரகத்தைக் காத்த ஓர் அளவு

சில குழந்தைகள் முதுகெலும்பு மூடாமல் பிறக்கின்றன. பிதுங்கி நிற்கும் தண்டுவடத்தை அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே வைத்து மூடிவிடலாம். ஆனால் சிறுநீர்ப்பை நரம்புகளின் பழுது அதனால் நீங்குவதில்லை. இக்குழந்தைகளில் பலர் முன்பெல்லாம் சிறுநீரகம் கெட்டு இறந்தனர்.

சிறுநீர் ஒழுகாத குழந்தையைக் கண்டு பெற்றோர் நிம்மதி அடைவது இயல்புதானே? ஆபத்து அங்கேயே பதுங்கியிருக்கலாம்!

எட்வர்ட் மெக்குவைர் குழுவினர் 1981இல் இத்தகைய 42 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். சிறுநீர்ப்பையில் மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறிது சிறிதாக நிரப்பி, எந்த அழுத்தத்தில் ஒழுகத் தொடங்குகிறது என்று அளந்தனர். 40 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் ஒழுகியவர்களில் ஒருவருக்கும் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிப் பாயவில்லை. அதைத் தாண்டியவர்களில் 68 விழுக்காட்டினருக்குப் பாய்ந்தது.

40 செ.மீ. நீர்த்தம்பம் என்பது பாதரசத்தில் 3 செ.மீ.கூட இல்லை. அழுத்தம் சிறிதுதான், ஆனால் அது நீடித்தால் சிறுநீர்நாளத்தால் சிறுநீரைக் கீழே தள்ள இயலாது. அது தேங்கிச் சிறுநீரகத்தை நெருக்கும்.

அழுத்தத்தைத் தணிக்கும் எளிய வழியை அமெரிக்காவில் ஜாக் லாப்பிடெஸ் 1972இலேயே வெளியிட்டிருந்தார்: சுத்தமான குழாயால் நாளுக்குப் பலமுறை சிறுநீரை வடித்துவிடுவது.

ஒருமுறை அளந்தால் போதுமா? போதாது. குழந்தை வளரும்போது, தழும்பில் ஒட்டிக்கொண்ட தண்டுவடம் இழுபடக்கூடும். கால் தளர்வதற்கு முன்பே சிறுநீர்ப்பையின் அழுத்தம் அதைக் காட்டிக்கொடுக்கலாம். ஆகவேதான் இன்றும் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். ஈரமில்லாத துணி தராத செய்தியை அந்த அளவு தருகிறது.