வாலை பிரிக்காதது

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பயணிகள் ரயில் முண்டியம்பாக்கத்தை நெருங்கும்போது, அரவைக் காலமாக இருந்தால், வெல்லப்பாகு புளித்த வாடை பெட்டிக்குள் வந்துவிடும். அங்கே சர்க்கரை ஆலை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதும் அதே ஊரில்தான். 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் அருந்தியவர்களில் பலரை அங்குதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தவர்களையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அந்த நாட்களில் விடைத்தாள் திருத்தும் முகாமில் தேநீர் இடைவேளையின்போது மூத்த நண்பர் ஒருவர் சொன்னார்: “சரியாகக் காய்ச்சத் தெரியாதவன் காய்ச்சியிருக்கிறான். முதல் வடியைக் கீழே கொட்டியிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள்.” சுற்றி நின்ற நாங்கள் அனைவரும் தலையாட்டினோம். நான் தமிழ் படித்தவன். வேதியியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது. ஆனால் அந்தச் சொல் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. காய்ச்சுவதால் எது பிரியும், எது பிரியாது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல், நான் எதிர்பாராத வகையில், எங்கள் பழைய தென்னார்க்காட்டின் வரலாற்றுக்குள் கொண்டுபோய் விட்டது.

காய்ச்சி வடிக்கும் கருவிக்குத் தமிழில் வாலை என்று பெயர். ஓமத் தீநீர் முதலிய தீநீர்களைச் சித்த மருத்துவர்கள் வாலையில்தான் வடித்தார்கள். சாராயம் காய்ச்சியவரின் அடுக்குப் பானையும் வாலையே. அடிப்பானையில் வெல்லமும் வேலம்பட்டையும் சேர்ந்த ஊறல், மேலே குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரம், நடுவில் சொட்டை ஏந்தும் கலம். ஒருமுறை ஊற்றி, ஒருமுறை வடித்து, பானையைக் கழுவி மறுபடி தொடங்கும் முறை இது. இதில் முதலில் வருவது ஒன்று, இடையில் வருவது ஒன்று, கடைசியில் வருவது வேறொன்று. எங்கே நிறுத்துவது என்று அறிவதே காய்ச்சுபவரின் கைத்திறன்.

எடையில் பத்து விழுக்காடு சாராயச் சத்து உள்ள ஊறலைக் கொதிக்கவைத்தால், எழும் ஆவியில் அது ஏறக்குறையப் பாதியளவு இருக்கும். அந்த வடியை மறுபடி வடித்தால் செறிவு இன்னும் கூடும். ஆனால் ஒவ்வொரு முறையும் கூடும் அளவு குறைந்துகொண்டே வரும். எடையில் 95.6 விழுக்காட்டை எட்டியதும் எல்லாம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் திரவத்தில் உள்ள விகிதமும் ஆவியில் உள்ள விகிதமும் ஒன்றே. தூய எத்தனால் 78.4 பாகையில் கொதிக்கிறது. இந்தக் கலவை அதற்கும் சற்றுக் கீழே, 78.2 பாகையில் கொதிக்கிறது. எத்தனை முறை வடித்தாலும், எவ்வளவு உயரமான கோபுரத்தில் ஏற்றினாலும், மிஞ்சிய நீர் பிரிவதில்லை. நம் பாடநூல்கள் இதைக் கொதிநிலை மாறாக் கலவை என்கின்றன. கொதிக்கையிலும் மாறாதது என்ற பொருளில் கிரேக்க வேர்களைக் கொண்டு ‘அசியோட்ரோப்’ என்ற சொல்லை 1911இல் ஆக்கியவர்கள் ஜான் வேடும் ரிச்சர்ட் மெர்ரிமனும்.

பெயர் வைக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தச் சுவரைக் கடந்தவர்கள் இருந்தார்கள். ரஷ்யாவில் தோபியாஸ் லோவிட்ஸ், 1796இல், நீரை உறிஞ்சும் காரப்பொருளைச் சேர்த்து வடித்து நீரற்ற சாராயத்தைப் பெற்றார். 1902இல் இங்கிலாந்தின் சிட்னி யங் வேறொரு தந்திரத்தைக் கண்டார். பிரியாத இருவருக்கிடையே மூன்றாமவரை நுழைப்பதுதான் அது. அந்த மூன்றாமவர் பென்சீன். அடிக்கலத்தில் பென்சீனைச் சேர்த்துச் சூடாக்கினால், நீர், எத்தனால், பென்சீன் மூன்றும் கூடிய புதிய கலவை 65 பாகையை ஒட்டி முதலில் ஆவியாகி, நீரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. அடுத்து 68 பாகையில் மிச்சமிருக்கும் பென்சீன் சிறிது எத்தனாலோடு வெளியேறுகிறது. கலத்தில் எஞ்சுவது நீரற்ற எத்தனால். ஒரே கலம், ஒரே அடுப்பு. வெப்பமானியைப் பார்த்து வடி ஏந்தும் பாத்திரத்தை மாற்றினால் போதும். முறையளவில் இதுவும் நம் அடுக்குப் பானையின் வழிதான். பின்னாளில் பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது என்று தெளிவானதும் அது கைவிடப்பட்டது. இப்போது மூலக்கூறுச் சல்லடைகள் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. 2003இல் இந்தியாவில் ஐந்து விழுக்காடாகத் தொடங்கி 2025இல் இருபதை எட்டியிருக்கும் பெட்ரோல் கலப்புக்கு இந்த நீரற்ற எத்தனாலே வேண்டும்.

இதுவரை சொன்னது பிரிப்பதன் கதை. அரசுகளுக்கு வேண்டியிருந்ததோ இதற்கு நேர் எதிரானது.

எங்கள் மாவட்டம் 1993வரை தென்னார்க்காட்டின் பகுதி. அந்தத் தென்னார்க்காட்டின் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே இயங்கியது. இன்று சர்க்கரைப் பையில் நாம் காணும் ஈ.ஐ.டி. என்ற மூன்றெழுத்து ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்’ என்பதன் சுருக்கம். சர்க்கரையும் சாராயமும் ஒரே கரும்பின் இரு பிள்ளைகள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பிறகு அந்த இரண்டாம் பிள்ளை அரசின் வருவாய்க்கு ஒரு தூணாயிற்று. ஆனால் வார்னிஷுக்கும் மருந்துக்கும் சாயத்துக்கும் அதே சாராயம் வேண்டும். அவற்றுக்கும் குடிக்கு விதிக்கும் வரியை விதித்தால் தொழில் நடக்காது. வரியை நீக்கினால் குடிப்பவர்கள் அதை வாங்கிக் குடிப்பார்கள். பிரிட்டன் 1855இலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. மரத்தைக் கரிமூட்டம் போட்டு வடித்த மர நாப்தாவை, அதாவது அழுக்கு மெத்தனாலை, சாராயத்தில் கலந்துவிட்டால் வரி இல்லை. இத்தகைய கலப்புப் பொருளுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: நாவில் வைக்க முடியாதபடி நாற வேண்டும்; வாலையிலிட்டாலும் எளிதில் பிரியக்கூடாது. எந்தப் பிடிவாதத்தை உடைக்க லோவிட்ஸும் யங்கும் முயன்றார்களோ, அந்தப் பிடிவாதத்தையே அரசு பூட்டாக்கிக்கொண்டது.

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது இந்தப் பூட்டின் மீது கைகள் விழுந்தன. எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சு ஆட்சி; அங்கே மதுவிலக்கு இல்லை. இங்கேயோ தொழிற்சாலைச் சாராயத்தையும் காவல் காக்க வேண்டியதாயிற்று. 1959இல் பிறந்த விதிகளின் தலைப்பிலேயே இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷ் ஒரு மதுவிலக்கு விதியின் தலைப்பில் ஏன் ஏறியது என்று யோசித்தாலே அக்காலத்துச் சமூக வரலாறு பாதி விளங்கிவிடும்.

இனி என் நண்பரின் கூற்றுக்கு வருகிறேன். வெல்ல ஊறலில் மெத்தனால் மிக அற்பமாகவே உண்டாகும். பழங்களில் உள்ள பெக்டின் சிதையும்போதுதான் அது சற்றே கூடும். எனவே கொட்டத் தவறிய முதல் வடி இத்தனை பேரைக் கொல்லாது. மெத்தனால் 64.7 பாகையில் கொதிப்பது. எத்தனாலோடும் நீரோடும் கொதிநிலை மாறாக் கலவையாக அது ஆவதில்லை. ஏட்டளவில் பிரிக்கக்கூடியதே. ஆனால் அதற்குப் பல தட்டுகள் கொண்ட உயர்ந்த கோபுரம் வேண்டும். ஒற்றைப் பானையில் அது முதல் வடியில் மட்டும் வந்து நின்றுவிடாமல், தொடக்கம் முதல் இறுதிவரை விரவியே வரும். ஆக, காய்ச்சி நஞ்சை நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கையும் ஆபத்தானதே.

மரக்காணத்தில் கொன்றது எந்தப் பானையிலும் காய்ச்சப்பட்டதல்ல. அது ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் என்று காவல்துறை அப்போதே அறிவித்தது. 1923இல் ஜெர்மனியில் வாயுக்களிலிருந்து மெத்தனாலை ஆலையில் உருவாக்கத் தொடங்கியதும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது. மர நாப்தாவின் நாற்றமே ஓர் எச்சரிக்கையாக இருந்தது. புதிய மெத்தனால் தெளிவானது, மலிவானது, நாற்றமற்றது. மணத்தாலும் சுவையாலும் சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. நாக்கு என்ற கடைசிக் காவலும் போயிற்று. 2024 ஜூனில், ஒருகாலத்தில் எங்கள் மாவட்டமாக இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

காய்ச்சத் தெரியாதவன் என்று சொல்வதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. குற்றம் எங்கோ ஓடையோரப் புதரில் இருக்கும் ஒரு பானையோடு முடிந்துவிடுகிறது. மெத்தனால் என்று சொன்னால் ஆலை, கிடங்கு, உரிமம், பதிவேடு, கண்காணிப்பு என்று பல வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கும்.

மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறும்போதுதான் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. அந்த மாற்றத்தைத் தடுக்க மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று எத்தனால். அது முந்திக்கொண்டு நொதியைப் பற்றிக்கொள்ள, மெத்தனால் மாறாமல் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. வாலையில் பிரிக்க முடியாமல் போனதை உடலுக்குள் பிரித்துப் பார்க்கும் கடைசி முயற்சி அது. இப்போதும் ரயில் முண்டியம்பாக்கத்தில் நிற்கும்போது அந்த இனிப்பு வாடை வருகிறது. சன்னலோரம் அமர்ந்திருக்கும் எனக்கு, ஆலையை நினைத்தால் மருத்துவமனையும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.