கழிமுகத்தில் பயின்ற ஜீவசாஸ்திரம்

வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி வளர்ந்திருக்கும் கொரட்டூரில் வாழ்பவர்க்குக் கடல் என்பது விடுமுறை நாளில் சென்று காணும் காட்சியாகவே இருந்து வருகிறது. ஆயினும் அம்பத்தூர் ஏரியின் உபரி நீரைப் பெற்று நிரம்பி, மிகுதியை இரட்டை ஏரிக்கு அனுப்பி, அங்கிருந்து கால்வாய்களின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயையும் எண்ணூர்க் கழியையும் நாடிச் செல்லவிடும் கொரட்டூர் ஏரியின் கலங்கலை மாரிக்காலத்தில் கண்டவர், இவ்வூரின் நீரும் கடற்கரையின் சரித்திரத்தில் பங்கு கொண்டது என்பதை எளிதில் ஒப்புவர். அக்கடற்கரையில்தான், ஜீவராசிகளைத் தனித்தனியே பார்க்காமல், அவை வாழும் நீரோடும் மண்ணோடும் காலத்தோடும் சேர்த்து ஆராயும் சூழலியல் என்னும் சாஸ்திரம் தமிழ்நாட்டில் பயிலப்பட்டது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்னும் விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தொடக்கம் முத்துக் குளிப்பில் இருக்கிறது. சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக 1885இல் வந்து சேர்ந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு ஆகியவற்றின் குளிப்பையும் அக்கடலின் பிராணிகளையும் பற்றி 1890இல் வெளியிட்ட குறிப்புகள், அரசாங்கத்தின் வருவாய்க் கவலையையும் ஒரு விஞ்ஞானியின் ஆவலையும் ஒருங்கே கொண்டவை. முத்துச் சிப்பிகள் சில ஆண்டுகளில் கோடிக்கணக்காய்ப் பார்களில் படிவதும், பின்பு பல ஆண்டுகள் சுவடின்றி மறைவதும் ஏன் என்பதே அன்றைய கேள்வி. கடலடியில் பாறை பரந்த இடத்தைப் பார் என்று பெயரிட்டு, அதன் ஆழத்தையும் அடிமண்ணின் தன்மையையும் தலைமுறை தலைமுறையாய் அறிந்து வைத்திருந்த குளியாட்களே அந்த ஆராய்ச்சிக்கு வழிகாட்டிகளாய் இருந்தனர். அச்சிட்ட அறிக்கைகளில் அவர்களுடைய அறிவுக்குக் கிடைத்த இடம் மிகக் குறுகியது. அது நம் விஞ்ஞான சரித்திரத்தில் இன்னும் தீர்க்கப்படாத கடன் என்றே நான் கருதுகிறேன்.

இலங்கையின் முத்துப் பார்களை ஆராயும் பொருட்டு 1902இல் அங்கு வந்த ஹெர்ட்மன் என்னும் பேராசிரியருக்கு உதவியாளராய் வந்து, பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து அதன் தலைமைப் பதவியை அடைந்த ஜேம்ஸ் ஹார்னெல், பழவேற்காட்டு ஏரியில் ஆளி என்னும் சிப்பியை வளர்க்கும் சோதனையிலும் ஈடுபட்டார். இவ்விடத்தில் ஐரோப்பாவின் சம்பவம் ஒன்றை நினைவுகூர வேண்டும். ஜெர்மனியின் வடகரையில் ஆளித் திட்டுகள் ஏன் அழிகின்றன என்பதை ஆராய்ந்த கார்ல் மோபியஸ், ஆளியை மட்டும் எண்ணிப் பயனில்லை, அதன்மேல் படியும் பிராணிகள், அதைத் தின்னும் பிராணிகள், அதற்கு உணவாகும் நுண்ணுயிர்கள், நீரின் உப்பு, வெப்பம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு ஜீவ சமுதாயமாகவே அத்திட்டைக் காண வேண்டும் என்று 1877இல் எழுதினார். அக்கருத்து வனத்திலோ புல்வெளியிலோ தோன்றாமல், கடலோரத்தில், மக்கள் பிழைப்புக்கு நம்பியிருந்த ஓர் எளிய சிப்பியினிடத்தில் தோன்றியது என்பது மிகவும் சிந்திக்கத்தக்கது. மன்னாரின் முத்துச் சிப்பியும் அதே கேள்வியைத்தான் எழுப்பியது. விடை தேடும் முறை மட்டுமே நமக்குத் தாமதமாக வந்தது.

தாமதத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஜீவராசிகளின் பெயர் தெரியாமல் அவற்றின் உறவைப் பேச இயலாது. பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் கரையோரப் பிராணிகளைப் பற்றி, மியூசியத்தின் தலைவர் கிரேவ்லியும் அவருடைய சகாக்களும் தயாரித்து 1927இல் சென்னை மியூசியம் வெளியிட்ட தொகுப்பு இத்தேவையை நிறைவேற்றியது. பாசி ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்ற எம்.ஓ.பி. ஐயங்கார் அத்தீவின் தாவரங்களைப் பற்றி அதில் எழுதினார். பவளம், கடற்பஞ்சு, நட்சத்திர மீன், முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டும் பலனோகிளாஸஸ் என்னும் புழு ஆகியவற்றைச் சில நூறு அடிக்குள் உயிரோடு காணக் கூடிய அத்தீவுக்கு, அதன் பின்னர் தலைமுறை தலைமுறையாய்க் கல்லூரி மாணவர் சென்று வந்தனர். அவர்கள் கொண்டுவந்த கண்ணாடிக் குப்பிகள் கல்லூரி அலமாரிகளில் நிறைந்தன. ஆனால் மூன்று நாள் தங்கி, ஓதம் வற்றிய வேளையில் பொறுக்கி, பெயர் எழுதித் திரும்பும் யாத்திரை எவ்வளவு உற்சாகமாக இருப்பினும், அது ஓர் இடத்தின் ஒரு நாளை மட்டுமே காட்டும். அவ்விடத்தின் ஆண்டைக் காட்டாது.

ஓர் இடத்தின் ஆண்டைப் பார்க்கும் வழக்கம் சென்னையிலேயே, சேப்பாக்கத்தில் இயங்கிய சர்வகலாசாலை விலங்கியல் ஆராய்ச்சிக் கூடத்தில், ஆர். கோபாலய்யரின் தலைமையில் உருவாயிற்று. அவரும் அவருடைய மாணவர் என்.கே. பணிக்கரும் சேர்ந்து சென்னையின் உவர்நீர்ப் பிராணிகளைப் பற்றி 1937இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட நீண்ட ஆய்வுரை, என் அபிப்பிராயத்தில், நம் கடற்கரைச் சூழலியலின் திருப்புமுனை. சுற்றுச்சூழல் தொகுதி என்னும் கருத்தை இங்கிலாந்தில் டான்ஸ்லி என்பவர் பெயரிட்டு நிலைநாட்டியது 1935இல். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின் சென்னையின் சேற்றங்கரையில் அக்கருத்துக்கு உகந்த வேலை நடந்திருக்கிறது.

அந்த வேலையின் அருமையை உணர வேண்டுமாயின் சென்னைக் கரையின் இயல்பை அறிய வேண்டும். இங்கிலாந்தின் கரைகளில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குவதால், பாறையின் மேற்பகுதியில் ஓர் இனமும், நடுவில் வேறோர் இனமும், அடியில் மற்றோர் இனமும் வரிசையாய் அமைந்திருப்பதை ஒரு பிற்பகலிலேயே மாணவன் கண்டுகொள்ளலாம். சென்னையிலோ ஓதத்தின் ஏற்றத்தாழ்வு பெரிய நாட்களிலும் சுமார் 1 மீட்டரே. ஆகவே இங்கு நாளைவிடப் பருவமே பெரிய ஆசிரியர். கோடையில் அலைகள் கொணர்ந்து குவிக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட, உள்ளே தேங்கிய கழியின் நீர் வெயிலில் சுண்டி உப்பேறுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் ஆற்றுவெள்ளம் மணற்றிட்டை உடைத்துக் கொண்டு கடலில் பாய, சில நாட்களுக்குள் அதே கழி ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. மழை ஓய்ந்தபின் திறந்த வாயின் வழியே கடல்நீர் மீண்டும் உட்புகுகிறது. இத்தனை மாறுதலையும் தாங்கும் நண்டு எது, வெள்ளத்தில் மடியும் புழு எது, கடலிலிருந்து விருந்தாய் வந்து போகும் மீன் எது என்பதை ஒரு நாள் சென்றவர் அறிய முடியாது. ஆண்டு முழுவதும் அதே சேற்றில் இறங்கி, அதே இடத்து நீரை மொண்டு, அதே முறையில் அளப்பவருக்கே அது விளங்கும்.

அளக்கும் முறைகள் எளியவை. அவ்வெளிமையே அவற்றின் பெருமை. வெள்ளை வட்டத் தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் முறை 1865இல் செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் கையாண்டது. கரைந்திருக்கும் பிராணவாயுவை அளக்க விங்க்லர் 1888இல் வகுத்த ரசாயனப் பரிசோதனையும், வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாய் விட்டு உப்பின் அளவைக் காணும் முறையும் சாதாரணக் கல்லூரிக்கும் எட்டுபவை. கரையிலிருந்து நீரை நோக்கி ஒரு கயிற்றை நீட்டிக் கட்டி, சம தூரங்களில் சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் அகப்படும் ஜீவன்களை எண்ணுவதற்கு மூன்று மாணவரும் பொறுமையும் போதும். இவற்றில் எதுவும் தனியே பெரிதல்ல. உப்பின் கணக்கையும் பிராணவாயுவின் கணக்கையும் நண்டின் கணக்கையும் ஒரே தாளில், ஒரே தேதியின் எதிரே எழுதும்போதுதான் உறவுகள் புலப்படத் தொடங்குகின்றன.

பணிக்கரின் பிற்கால வாழ்வு இப்பயிற்சியின் பலனைக் காட்டுகிறது. உப்பு மாறும் நீரில் இறால் எவ்வாறு தன் உடலின் உப்பைச் சமன் செய்து கொள்கிறது என்னும் கேள்வியை அவர் இங்கிலாந்தின் பிளைமவுத் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு சென்று ஆராய்ந்தார். நம் வெள்ளை இறால் கடலில் முட்டையிட, அதன் குஞ்சுகள் கழிக்குள் புகுந்து சேற்றிலும் பாசியிலும் வளர்ந்து, பருவம் வந்ததும் மீண்டும் கடலை அடைகின்றன. ஆகவே முகத்துவாரம் அடைபட்டாலும், கழியின் சேறு நஞ்சானாலும், கடலில் வலைவீசுபவனின் கூடை காலியாகும். கழியையும் கடலையும் இரு வேறு பாட அத்தியாயங்களாய்ப் படிப்பவர்க்கு இவ்வுண்மை தென்படாது. பணிக்கர் பின்னர் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கி, 1966இல் நிறுவப்பட்ட தேசியக் கடலாய்வு நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

அம்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் விலங்கியல் கூடத்திலேயே தொடங்கி, 1949இல் மண்டபம் முகாமுக்கு இடம் பெயர்ந்தது. 1971இல் அதன் தலைமையகம் கொச்சிக்குச் சென்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆர்.வி. சேஷய்யா வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் தோற்றுவித்த நிலையம், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும் அருகில் கொண்டிருந்ததால், மாணவர் ஆற்றின் வாயிலேயே குடியிருந்து படிக்கும் பேற்றைத் தந்தது. ஒரு தேர்வுக்காக ஓடிவந்து திரும்பாமல் கழிக்கரையில் வாழ்ந்து கற்பது என்னும் ஏற்பாட்டை நம் நாட்டின் கல்வி வேறெங்கும் இத்தனை சிறப்பாய்ச் செய்ததில்லை என்று துணிந்து சொல்வேன்.

கல்லூரிக்கு வெளியேயும் இக்கல்வி பரவிற்று. சென்னையின் தென்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி இரவில் மணலில் நடக்கும் வழக்கத்தை 1970களில் ராமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் தொடங்கினர். 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பாய்க் கூடி அதனை ஆண்டுதோறும் நடத்தி வருகின்றனர். தை முதல் பங்குனி வரை இரவுதோறும் அதே கரையில் நடப்பவர் முட்டைகளைக் காப்பதோடு, எந்த ஆண்டு ஆமை குறைந்தது, எங்கு மணல் அரித்தது, எந்த விளக்கு குஞ்சுகளைத் திசை மாற்றுகிறது என்பதையும் கற்றுக் கொள்கின்றனர்.

கொரட்டூரின் மாணவர்க்கு இத்தனை தூரம்கூடத் தேவையில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கழிவும் வீடுகளின் சாக்கடையும் கலந்து இவ்வூர் ஏரி கெட்டபோது, ஊர் மக்களே திரண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வாதாடினர். ஆகாயத்தாமரை மூடிய மூலையிலும், திறந்த நடுநீரிலும், கலங்கலிலும், இரட்டை ஏரியிலும், இறுதியாக எண்ணூர்க் கழியிலும் மாதம் ஒருமுறை நீரை எடுத்து அளந்து ஒரே ஏட்டில் எழுதினால், நன்னீர் உப்புநீரை அடையும் வழி முழுவதும் ஒரு பள்ளியின் ஆய்வுக்களமாகிவிடும். எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழியைத் தூர்த்ததையும், 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் கரையில் படிந்ததையும் செய்தியாக மட்டும் படித்தவர்கள், தங்கள் ஊரின் கழிவும் அங்கேதான் சேர்கிறது என்பதைத் தம் கையால் எழுதிய எண்களில் காண்பர்.

அங்கே அவர்களுக்குப் பாடம் சொல்ல மீனவர் இருக்கின்றனர். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பிரித்து, எதில் எந்த மீன் படும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், இறால் பிடிக்கும் இடங்களை இன்னாருக்கு இன்ன நாள் என்று முறைவைத்துப் பங்கிடும் பாடு என்னும் ஏற்பாடு இன்னும் வழங்குகிறது. ஒரு நாள் ஒருவர் வலை கட்டிய நீரில் மறுமுறை வேறொருவர் கட்டுகிறார்; ஆகவே முகத்துவாரம் திறந்த ஆண்டுக்கும் அடைபட்ட ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு ஊரார் அனைவருக்கும் தெரிந்திருக்கிறது.