நிழற்படமும் இஸ்னாத் மரபும்

அறந்தாங்கியிலும், அதன் கிழக்கிலும் தென்கிழக்கிலும் கடலோரமாக அமைந்த கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களிலும் உள்ள பழைய முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். நிலப்பத்திரங்கள், காலாவதியான கடவுச்சீட்டு, கப்பல் பயணச்சீட்டின் கிழிசல் ஆகியவற்றோடு சில கறுப்பு வெள்ளை நிழற்படங்களும் அதில் கிடக்கும். 1926 இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்குச் சென்று வந்த ரஜுலா கப்பலில் பயணம் செய்த சபுராளிகள் கொண்டுவந்தவை அவை. சபுராளி ஊர் திரும்பியதும் அப்படங்கள் வீட்டுத் திண்ணையில் கைமாறும். "இவர் யார்? இது எந்தக் கடை? பின்னால் தெரிகிற பள்ளிவாசல் பினாங்கிலா, ஈப்போவிலா?" என்று பேச்சு வளரும். எழுதப்படாத ஒரு வரலாறு அங்கே வாய்மொழியாகப் படிக்கப்பட்டது. அந்தத் திண்ணைப் பேச்சு இன்று ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. படங்கள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

இருட்டறையும் இப்னுல் ஹைஸமும்

நிழற்படக் கலையைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் இப்னுல் ஹைஸம் (965 - சுமார் 1040) அவர்களை நினைவுகூரத் தவறுவதில்லை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அவ்வறிஞர் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றினார். கிரகணத்தின் வடிவம் குறித்த தனி நூலொன்றில், சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ப்புறத்தில் உருவத்தை எவ்வாறு வீழ்த்துகிறது என்பதைக் கணித முறையில் ஆராய்ந்தார். ஆனால், கேமராவைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்றும், 'கேமரா' என்னும் சொல் அரபியின் 'கமரா'விலிருந்து பிறந்தது என்றும் மேடைகளில் கூறப்படுவது சரியன்று. அச்சொல் அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல். துளை வழி உருவம் விழுவதும் அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் அறிந்த ஒன்றே. அந்நிகழ்வின் காரணத்தைச் சோதனை வழியே நிறுவிய பெருமை அவருக்கு உண்டு, அதுவே போதுமானது. இல்லாத பெருமையைச் சேர்ப்பதால் இருக்கும் பெருமையும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

விழுந்த உருவத்தை நிலைநிறுத்தும் வித்தை 19 ஆம் நூற்றாண்டில்தான் கைகூடியது. 1839 இல் பாரிஸில் டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த 20 ஆண்டுகளுக்குள் அது நம் பகுதிக்கும் வந்துவிட்டது. சென்னை அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858 இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய இடங்களின் படத்தொகுதிகளை வெளியிட்டார்.

பெயர் மறைந்த மக்கா மருத்துவர்

புனிதத் தலங்களின் தொடக்ககாலப் படங்களை எடுத்தவர்களுள் முதன்மையானவர் எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது ஸாதிக் பே. அவர் 1861 இல் மதீனாவையும், 1880 இல் மக்காவையும் படமெடுத்தார். அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர், மக்காவில் மருத்துவராக இருந்த அப்துல் கஃப்பார் என்பவர் கஃபாவையும் ஹாஜிகளையும் படமெடுத்தார். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே அப்படங்களைப் பெற்று 1889 இல் லெய்டனில் வெளியிட்டார். படங்கள் உலகெங்கும் பரவின. எடுத்தவர் பெயரோ நெடுங்காலம் வெளியே தெரியாமல் கிடந்தது. பிற்கால ஆய்வாளர்களே அதனை மீட்டெடுத்தனர். படத்தைப் பகிர்ந்தவர்கள் அதன் ஸனதைப் பகிரவில்லை என்பதே இங்கு நேர்ந்த பிழை. இதனை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு பதிலும் அதன் விளைவும்

உருவங்களைப் பற்றிய எச்சரிக்கைகள் ஸஹீஹ் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. கேமராவில் எடுக்கும் படம் அந்த எச்சரிக்கையில் அடங்குமா என்பதில் உலமாக்கள் கருத்து வேறுபட்டனர். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள், அது புதிதாக உருவம் படைப்பதன்று, ஒளியால் விழும் நிழலைப் பிடித்து வைப்பதே என்று கூறி அனுமதித்தார்கள். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள், கருவி மாறுவதால் சட்டம் மாறாது என்று வாதிட்டுத் தடுத்தார்கள். இரு தரப்பும் இறையச்சத்தோடு ஆய்ந்தவை. எனினும், உயிரற்ற பொருள்களின் படத்தில் இரு தரப்புக்கும் பிணக்கில்லை. கடவுச்சீட்டு போன்ற தேவைகளுக்குத் தடுத்தவர்களும் இடமளித்துள்ளனர்.

இவ்விடத்தில் நம் பிழையொன்றை ஒப்புக்கொள்வது கடமையாகிறது. 1990களின் நடுவில், நாம் கற்பிக்கும் பணியில் சேர்ந்த புதிதில், மூதாட்டி ஒருவர் காலஞ்சென்ற தம் கணவரின் பெட்டியோடு வந்தார். "ஹஜரத், இந்தப் படங்களை வைத்திருக்கலாமா?" என்று கேட்டார். கூடாது, அழித்துவிடுங்கள் என்று ஒரே சொல்லில் கூறிவிட்டோம். அவரும் மறுபேச்சின்றி அடுப்பில் இட்டுவிட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் வந்தார். பாட்டனார் மலாயாவில் நடத்திய கடையின் பெயர்ப்பலகை, அவர் நிர்வாகத்தில் பங்குகொண்டிருந்த பள்ளிவாசல், அவர் சென்ற கப்பல் எல்லாம் அப்பெட்டியில் இருந்தனவாம். எங்கேனும் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். நாம் தலைகுனிந்தோம். பேணுதலான கருத்தைக் கொண்டிருந்தது நம் குற்றமன்று. பெட்டியில் என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பாராமல், எந்த ஆலிமும் தடுக்காத படங்களையும் சேர்த்துத் தீக்கு இரையாக்கச் சொன்னதே குற்றம்.

வெள்ளி உப்பும் விற்றுப்போன நெகட்டிவும்

ஃபிலிம் படம் எளிதில் கிடைத்ததன்று. ஸ்டூடியோவில் 120 ஃபிலிம் சுருளொன்றில் சதுர அளவில் 12 படங்களே எடுக்கலாம், 35 மி.மீ. சுருளிலும் 36 தான். ஒவ்வொரு படத்துக்கும் காசு. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒளிபட்ட வெள்ளி உப்பு இருட்டறையில் டெவலப்பரில் கறுத்து, ஹைப்போவில் நிலைபெற்று நெகட்டிவாகும். அதிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். நெகட்டிவ் மூலச்சுவடி போன்றது. பிரிண்ட் அதன் பிரதி போன்றது. நம் நாட்டிலேயே ஃபிலிமும் தாளும் செய்வதற்காக 1960 இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் அமைக்கப்பட்டது. 'இந்து' என்னும் அதன் வணிகப்பெயரை அக்கால ஸ்டூடியோக்காரர்கள் நன்கறிவர். அந்த ஆலையும் பின்னர் மூடப்பட்டது.

டிஜிட்டல் வந்தபின் ஸ்டூடியோக்கள் பல மூடின. நெகட்டிவுகள் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாயின; வெள்ளிக்காக விற்கப்பட்டவையும் உண்டு. எஞ்சியவற்றைக் காக்கும் நோக்குடன் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்வடிவில் பதிவு செய்தனர். அயலார் இத்தனை அக்கறை காட்டும்போது, உரியவர்களாகிய நாம் வாளாவிருப்பது முறையாகுமா?

பகிர்வதன் ஒழுக்கம்

ஆனால், கிடைத்ததையெல்லாம் வெளியிடுவதும் முறையன்று. லெபனானின் ஸைதா நகரில் ஷஹ்ரஸாத் என்னும் ஸ்டூடியோவை நடத்திய ஹாஷிம் அல்மதனீ (1928 - 2017) ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார். 1950களில், தம் அனுமதியின்றி மனைவி படமெடுத்துக்கொண்டார் என்று ஒரு கணவர் சினந்து வந்து நெகட்டிவைக் கேட்டார். அதே சுருளில் பிறர் படங்களும் இருந்தமையால் தர மறுத்த மதனீ, இறுதியில் அவர் கண்முன்னே அப்பெண்ணின் படங்களை ஊசியால் கீறினார். சில ஆண்டுகளில் அப்பெண் துயரம் தாளாமல் தம்மையே மாய்த்துக்கொண்டார். அக்கணவர் திரும்பி வந்து, கீறிய அந்த நெகட்டிவுகளிலிருந்தே பெரிய பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டாராம். பெய்ரூத்தில் 1997 இல் நிறுவப்பட்ட அரபுப் பட அறக்கட்டளையின் வழியே உலகம் இதனை அறிந்தது.

இக்கதை இருபக்கமும் கூர்மையுடையது. படத்தை அழிப்பவர் பின்னர் அதற்காக ஏங்கக்கூடும். அதே நேரத்தில், படத்தில் இருப்பவருக்கும் அதன்மீது ஓர் உரிமை உண்டு. அவர் இசைவை எவரும் கேட்கவில்லை. படமெடுக்கும்போது கணவரும் கேட்கப்படவில்லை என்பதே அவர் சினம், கீறும்போது அப்பெண் கேட்கப்படவில்லை என்பதோ எவர் நினைவிலும் இல்லை. சபைகளில் அறிந்தவை அமானிதம் என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் போதனை. வீட்டு நிக்காஹ் நாளில் உறவினருக்காக மட்டும் எடுத்த பெண்களின் படம் அத்தகைய அமானிதமே. உரியவரோ வாரிசுகளோ இசையாமல் அதனைக் கைப்பேசிகளில் சுற்றுக்கு விடுவது வரலாற்றுத் தொண்டாகாது.

படத்தை ஆராயும் முறைக்கு நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. ஹதீஸ் கலையில் ஸனத், மத்ன் என இரண்டையும் ஆராய்கிறோம். அறிவிப்பாளர்களை எடைபோட இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) போன்றோர் பெருந்தொகுதிகளே எழுதினர். படத்தின் ஸனத் என்பது எடுத்தவர் யார், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அதிலுள்ளவரை இன்னார் என்று சொன்னவர் அவரை நேரில் அறிந்தவரா என்பவையாகும். மத்ன் என்பது படத்தினுள் காணப்படுவது. ஒரு படத்தை 1950 ஆம் ஆண்டினது என்று ஒருவர் தருகிறார். அதிலுள்ள அறந்தாங்கிக் கடைப்பலகையில் 'புதுக்கோட்டை மாவட்டம்' என்றிருக்கிறது எனக் கொள்வோம். அறந்தாங்கி 1974 ஜனவரி 14 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே, கொண்டுவந்தவர் எவ்வளவு நல்லவராயினும் அந்த ஆண்டு தவறு என்று தீர்ந்துவிடும்.

நாம் கண்ட சில படங்களின் பின்புறத்தில் மூத்தோர் பெயரும் நாளும் அரபுத்தமிழில் குறித்து வைத்திருக்கின்றனர். அதனைப் படிக்கும் பேரப்பிள்ளைகள் அவ்வீடுகளில் இல்லை. படத்தின் முன்புறத்தை மட்டும் கைப்பேசியில் பிடித்து அனுப்புகிறார்கள். ஸனத் பின்புறத்திலேயே தங்கிவிடுகிறது. இரு புறத்தையும் பதிவு செய்யுங்கள். வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்திப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் சேர்த்தெழுதுங்கள். அறியாததை அறியோம் என்றே குறியுங்கள். அரபுத்தமிழைப் படித்துக் கூறும் பணியை நம் அரபிக் கல்லூரி மாணவர்கள் ஏற்றால், தொலைந்த திண்ணைப் பேச்சு மீண்டும் தொடங்கும்.

அம்மூதாட்டியின் பெட்டியை நம்மால் திருப்பித் தர இயலாது. இனி ஒரு பெட்டி நம்மிடம் வருமாயின், முதலில் அதனைத் திறந்து பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, அமானிதம் பேணுவோராக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.